போகாத வீட்டில் கடைந்த குமிழ்

அன்பு மகனே,

உடம்பு எப்படி, வேலை எப்படி என்று நாலு வரி எழுதிவிட்டுத்தான் நான் எப்போதும் விஷயத்துக்கு வருவேன். இந்தத் தடவை அது வேண்டாம். பார்சலைப் பிரித்ததும் நீ தூண்டில் ரீலைத்தான் முதலில் கையில் எடுத்திருப்பாய், கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்திருப்பாய், திருடு போய்விட்டதாக அப்பா சொன்னாரே, இது எங்கேயிருந்து வந்தது என்று யோசித்திருப்பாய். திருடு போகவில்லை. ஆறு வருஷமாக என் இரும்புப் பெட்டியில், உன் அம்மாவின் பழைய சேலைகளுக்கு அடியில் கிடந்தது. ஏன் கிடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அடுத்த மாதம் பட்டர்வொர்த்தில் நீ தாலி கட்டுவதற்கு முன்னால் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும். உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படிக்கிற கடிதம் இல்லை.

இந்த ரீலை நீ வாங்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம். மற்றவர்கள் நாற்காலி, மேஜை, கண்ணாடி என்று அள்ளிக்கொண்டு வந்தபோது நீ மட்டும் இதை ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்தாய். "அப்பா, இனிமே நீங்க கையில நூலைச் சுத்திக்கிட்டு உட்கார வேணாம் லா" என்றாய். வாங்கியது உனக்கு, சொன்னது எனக்காக. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னேனா? "இதெல்லாம் துரைமாருக்கு, நமக்கு எதுக்கு" என்றேன். உன் முகம் சுருங்கிப்போனது. அப்புறம் நீ பஸ் பட்டறைக்கு வேலைக்குப் போகிற நேரம் பார்த்து, உனக்குத் தெரியாமல் தெங்கேரா கடற்கரைக்கு அதை எடுத்துக்கொண்டு போவேன். இறுக்கமாகச் சுற்றுகிற மாதிரி இருந்தால் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விடுவேன். ரோட்டு வேலையில் கூலியாட்களை மேய்க்கிற என்னைப் போன்ற மண்டோருக்கு அவ்வளவுதான் தெரியும். தலைக்கும் அதே, விளக்குக்கும் அதே, ரீலுக்கும் அதே.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: இதற்குத் தேங்காயெண்ணெய் ஆகாது. உப்பும் மணலும் அதோடு சேர்ந்து, கைப்பிடியின் நுனியில் இருக்கிற குமிழுக்குள் பிசினாக இறுகிவிடும். குமிழ் தன் நடுவில் இருக்கிற இரும்பு ஊசியின் மேல் தானாகச் சுற்ற வேண்டும், அப்போதுதான் உள்ளங்கை தேயாது. அது சுற்றாமல் நின்றுவிட்டால், மீன் இழுக்கிற இழுப்பெல்லாம் கையில் வந்து விழும். இது பழைய மாதிரி ரீல், மீன் ஓடினால் கைப்பிடி பின்பக்கமாகச் சுழலும் என்பது உனக்கே தெரியும். இந்தப் புத்தி எனக்கு முன்னாலேயே இருந்திருந்தால் பழைய குமிழ் உடைந்திருக்காது. ஆனால் அது உடைந்த நாளில் நான் செய்த காரியம் அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்கிறேன். சுதந்திரக் கொடி ஏறி நாலைந்து மாதம் இருக்கும். அதற்கு முந்தைய வாரம் நீ என் எதிரில் வந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே தேவியைப் பற்றிச் சொன்னாய். காஜா பேராங்கில் நம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, கோயில் பக்கம் திரும்புகிற இடத்தில் இருக்கிற மலாக்கா செட்டி வீட்டுப் பெண். நாம் கும்பிடுகிற சாமியைத்தான் அவர்களும் கும்பிடுகிறார்கள், திருநீறு பூசுகிறார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். "தமிழ் வராதே" என்றேன். "எனக்கு மலாய் வருமேப்பா" என்றாய். உன் அம்மா இருந்திருந்தால் அன்றைக்கே சிரித்துக்கொண்டே எழுந்து போய்ப் பேசி முடித்திருப்பாள். அவள் போய் மூன்று வருஷமாகியிருந்தது. நம் வழக்கப்படி நான் மட்டும் முதலில் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதென்றும், அவர்களுக்குச் சம்மதமானால் பிறகு உன் சித்தப்பாவையும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு தட்டெடுத்துப் போவதென்றும் முடிவு செய்தோம். நீதான் தேவியின் அண்ணனிடம் சொல்லி நேரம் குறித்தாய். அன்றைக்குப் பட்டறையில் உனக்கு வேலை. காலையில் கிளம்பும்போது என் சட்டையை நீயே இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவிட்டு, "நாலு மணி அப்பா. லேட்டாக்கிடாதீங்க" என்றாய். "நான் என்ன சின்னப் பிள்ளையா, போடா" என்று உன்னை விரட்டினேன்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாலு மணிக்குக் கிளம்பினேன். அது உண்மை. வெற்றிலை பாக்கைத் துணியில் மடித்து எடுத்துக்கொண்டேன். அதுவும் உண்மை. தெரு முனைக்கு வந்ததும் அந்த வீட்டு வாசல் தெரிந்தது. கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். நிலைப்படிக்கு மேலே புதிதாக மாவிலை கட்டியிருந்தது. உள்ளே நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. தலையில் துண்டு கட்டிக்கொண்டு பெரிய மனுஷர்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் நல்ல சாரோங் கெபாயா உடுத்திக்கொண்டு நடமாடினார்கள். ஒரு வார்த்தை கேட்க வருகிற ஒற்றை ஆளுக்காக இவ்வளவும். என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

ஏன் என்று உண்மையைச் சொல்கிறேன். தமிழ் தெரியாத பெண் என்பதெல்லாம் வாய்க்கு வந்த சாக்கு. என் அப்பா புக்கிட் காதில் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டியவர். நான் பிறந்தது கூலிக்காரர்களின் லயத்து வீட்டில். அந்த செட்டிகள் எத்தனையோ தலைமுறையாக இந்த ஊரில் வேர் பிடித்தவர்கள், சொந்தக் கோயில் உள்ளவர்கள். அந்தப் பெரிய மனுஷர்களில் ஒருவர், உங்கள் அப்பா யார், எங்கே இருந்து வந்தவர் என்று மரியாதையாகத்தான் கேட்பார். அதற்கு நான் பதில் சொல்லும்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. அவர்கள் பார்க்கவே இல்லை, மகனே. பார்ப்பார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். யாரும் என்னைக் கவனிப்பதற்குள் திரும்பி வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி அதே ஆணியில் மாட்டினேன். உன் தூண்டிலை எடுத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பின் வழியாகத் தெங்கேராவுக்குப் போய்விட்டேன்.

கடலில் அன்றைக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேனே தவிர மனசு அங்கே இல்லை. நாலரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று. இப்போதாவது எழுந்து ஓடிப்போய், உடம்புக்கு முடியாமல் போய்விட்டது என்று சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டேன். ஆறு மணி வாக்கில் ஏதோ பெரிய மீன், திருக்கையாக இருக்கும், கடித்துக்கொண்டு ஓடியது. கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்றது. நான் குமிழைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். அது ஊசியோடு இறுகிப்போய்க் கிடந்தது. உள்ளங்கையில் முறுக்கிக்கொண்டு படாரென்று உடைந்தது. உடைந்த சில்லு கையைக் கிழித்துவிட்டது. மீனும் போயிற்று, நூலும் போயிற்று. வீட்டுக்கு வந்து ரீலைப் பெட்டிக்குள் ஒளித்தேன், பிறகு திருடு போய்விட்டதாக உன்னிடம் சொன்னேன்.

நீ வேலை முடிந்து வந்தபோது நான் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தாய். பிறகுதான் கையைப் பார்த்தாய். என் வாயில் பொய் தயாராகக் கூட இல்லை, அப்படியே வந்தது. "நமக்கு ஒத்து வராதுன்னுட்டாங்க. எஸ்டேட் ஜனத்துக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்களாம்" என்றேன். "அப்படியேவா சொன்னாங்க?" என்றாய். "அப்படியேதான்." கைக்கு என்ன என்று கேட்டாய். மனசு கெட்டுப்போய் வந்தேன், வழியில் தடுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். தண்ணீர் சுட வைத்து, என் கையைக் கழுவி, மஞ்சள் வைத்துக் கட்டினாய். கட்டும்போது உன் கண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்தது. உனக்காக அழவில்லை நீ. உனக்காகப் போய் அப்பா அவமானப்பட்டுக் கையையும் கிழித்துக்கொண்டு வந்துவிட்டாரே என்று அழுதாய். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த மாதமே நீ பினாங்குக்கு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டாய். அதன் பிறகு காஜா பேராங்கில் உன் கால் படவில்லை. என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கிற காப்பிக் கடையிலேயே உட்கார்ந்து பேசிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாய். ஒருமுறை அங்கே தேவியின் அப்பா உன்னைப் பார்த்துச் சிரித்ததாகவும், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் பெருமையாக எழுதியிருந்தாய். நான் அதற்குப் பதில் எழுதவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தேவியைப் புக்கிட் ரம்பாயில் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். தெருவில் எல்லா வீட்டுக்கும் வந்து அழைத்தார்கள், என்னையும் அழைத்தார்கள். மேளச் சத்தம் நம் வாசலைக் கடந்து போகிற வரைக்கும் நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். இப்போது உன் கல்யாணக் கடிதம் வந்தது. "நம்மை மதிக்காத தெருவில் பந்தல் போட மாட்டேன் அப்பா, எல்லாம் பட்டர்வொர்த்திலேயே" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணத்துக்கு உனக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தபோது ரீல் ஞாபகம் வந்தது. பார், அப்போதும் உண்மையைச் சொல்லலாம் என்று தோன்றவில்லை, ரீலைச் சரிபண்ணிக் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. கடைகளில் அந்த மாதிரிக் குமிழ் இல்லை. மரத்தில் கடைந்துதான் போட வேண்டும், அதற்கு இந்தப் பக்கத்தில் ஒரே ஆள்தான் என்றார்கள். யார் என்று கேட்டேன். தேவியின் அப்பா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்குப் பின்னால் கடைசல் மெஷின் வைத்துக்கொண்டு கட்டில் கால், கதவுக் குமிழ் எல்லாம் செய்கிறாராம். செங் என்கிற ஊரில் வேறு ஒரு ஆள் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கேயும் போய்ப் பார்த்தேன், அவ்வளவு கோழை நான். அந்த ஆள் ஊரைவிட்டே போய்விட்டிருந்தான். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலில் போய் நின்றேன். "மாசோக், மாசோக்" என்று உள்ளே கூப்பிட்டார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை.

அவர் வேலை செய்கிறதை உட்கார்ந்து பார்த்தேன். பழைய கட்டில் கால் ஒன்றிலிருந்து கெட்டி மரமாக ஒரு துண்டு வெட்டிக் கடைந்தார். நடுவில் துளை போட்டு, ஊசி மரத்தைத் தின்னாமல் இருக்கப் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றை இறக்கினார். வளைந்திருந்த ஊசியை நிமிர்த்தி, என் தேங்காயெண்ணெய்ப் பிசினை மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டி எடுத்தார். இனி வருஷத்துக்கு ஒரு தடவை நீ இதைக் கழற்றிப் பூட்ட வேண்டும், அதனால் வரிசையைச் சொல்கிறேன். ஊசி நன்றாகக் காய்ந்த பிறகு கிரீஸை விரல் நுனியில் தொட்டு மெல்லிசாகப் பூசு, அப்பிவிடாதே. முதலில் ஒரு வாஷர், அதன் மேல் குமிழ், அதன் மேல் இன்னொரு வாஷர், கடைசியில் ஸ்க்ரூ. ஸ்க்ரூவை முட்டுகிற வரை முடுக்கிவிட்டு, கால் சுற்றுத் திருப்பித் தளர்த்து. விரலால் தட்டிவிட்டால் குமிழ் தானாகச் சுற்ற வேண்டும், ஆனால் ஆடக்கூடாது. பிறகு நுனியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. வழிந்ததைத் துடைத்துவிடு, இல்லாவிட்டால் மணல் ஒட்டும். ஸ்க்ரூ கழன்று விழாமல் இருக்க அதன் தலையில் ஒரு துளி வார்னிஷ் வைத்தார் அவர். நீயும் அப்படியே செய். இதில் கல்யாணத்துக்கான உபதேசம் எதுவும் ஒளிந்திருக்கிறது என்று தேடாதே. கைப்பிடியைப் பற்றிச் சொல்கிறேன், அவ்வளவுதான். உபதேசம் செய்கிற இடத்தில் நான் இல்லை.

வார்னிஷ் காய்கிற வரைக்கும் காத்திருந்தோம். பிறகு அவர் மலாயில் கேட்டார், உங்கள் மகன் நலமா என்று. கல்யாணம் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டார். நல்ல பையன், பையன்களுக்கு மனசு மாறுவது சகஜம், கடைசி நேரத்தில் மாறிவிட்டது போல, அதை எங்களிடம் வந்து சொல்ல உங்களுக்கும் சங்கடமாக இருந்திருக்கும் என்றார். அவனைச் சபிக்காதே என்று என் மகளிடம் சொன்னேன், அவளும் சபிக்கவில்லை என்றார். அவர் பேசி முடித்துவிட்டார். அங்கேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "தெரிமா காசே" என்று நன்றி சொல்லிவிட்டு ரீலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆக, ஆறு வருஷமாக நீ அவர்களை எஸ்டேட் ஜனத்தை மதிக்காதவர்கள் என்று வெறுத்துக்கொண்டிருக்கிறாய். அந்தப் பெண் உன்னைப் பேச்சு மாறியவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டும் நான் செய்தது.

நாலு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை பிற்பகல், மறுபடியும் போனேன். கையில் ஒன்றும் கொண்டு போகவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரிந்த மலாய் ரோட்டு வேலைக்கும் சந்தைக்கும் போதும், இதற்குப் போதவில்லை. திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் கடைசலை நிறுத்திவிட்டுக் கேட்டார். உள்ளேயிருந்து தேவியின் அம்மா வந்து நிலைப்படியில் நின்றாள். அன்றைக்கு நாங்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம், விளக்கு வைக்கிற வரைக்கும் என் மகள் உடுத்தின உடுப்பை மாற்றவில்லை என்றாள். திட்டவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் வெகு நேரம் தன் கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். "தாக் ஆப்பா" என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். இந்த ஊரில் எதற்கும் பரவாயில்லை என்று அதைத்தானே சொல்லுவார்கள். அவர் சொல்லவில்லை. உங்கள் மகனுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். முதலில் அவனிடம் சொல்லுங்கள், என் மகளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். நான் வெளியே வந்த பிறகு கடைசல் மறுபடி ஓடவில்லை.

எழுதிவிட்டேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். நீ போட்டோ அனுப்பியிருந்த பெண்ணுக்கு நல்ல முகம், அமைதியான கண். இதில் அவளுடைய தவறு ஒரு துளியும் இல்லை. என் மேல் வருகிற கோபத்தை அவள் மேல் இறக்கிவிடாதே. இதை அவளிடம் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உன் இஷ்டம், ஆனால் அவளிடம் பொய் மட்டும் சொல்லாதே. முதல் பொய்யை நான் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டேன், அதோடு குடித்தனம் நடத்தியது ஆறு வருஷம். கல்யாணத்தில் அப்பா உட்கார வேண்டிய இடத்தில் உன் சித்தப்பாவை உட்கார வைக்க நினைத்தால் அப்படியே செய். நான் அவனிடம் பேசிவிட்டேன், காரணம் கேட்காதே என்று சொல்லியிருக்கிறேன். நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் உன்னைக் குறை சொல்லமாட்டேன், ஊரில் யார் கேட்டாலும் எனக்கு உடம்பு சரியில்லை என்றும் சொல்லமாட்டேன். என் மகன் என்னைக் கூப்பிடவில்லை, அதற்குக் காரணம் உண்டு என்றுதான் சொல்லுவேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி என் வீட்டு வாசலை நீ மிதிக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த வீட்டுக்கு மட்டும் என்றைக்காவது ஒருநாள் போ. தேவியின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உன் முகத்தைக் காட்டிவிட்டு வா. நீ வருவாய் என்று அவர்களிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். என் பேச்சை நம்பி அந்த வீட்டில் இன்னொரு நாள் நாற்காலி போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

உன் அப்பா